பழைய க்வில்ட் டாப்: முடிப்பதா, அப்படியே விடுவதா?

அமெரிக்காவில் வயதானவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் எஸ்டேட் சேல்களில், அலமாரியின் மேல்தட்டிலோ பரணிலோ தலையணை உறைக்குள் மடித்துத் திணித்த துணிமூட்டை ஒன்று கிடைப்பதுண்டு. பிரித்து விரித்தால் நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பெரிய விரிப்பு. உள்ளே பஞ்சு இல்லை, பின்னால் துணி இல்லை, ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும். இதுதான் க்வில்ட் டாப், அதாவது க்வில்ட் என்கிற பஞ்சு வைத்துத் தைத்த போர்வையின் மேல்பகுதி. மேலே டாப், நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சுத் தகடு, கீழே பின்துணி, மூன்றையும் ஊடுருவித் தைத்துச் சேர்ப்பது க்வில்டிங், கடைசியாக ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் துணிப்பட்டை, அதாவது பைண்டிங். இந்த வேலைகளில் முதல் வேலையோடு நின்றுபோனவை இவை.

இப்போது அங்கே இருக்கும் நம் பெண்கள் பலர் க்வில்டிங் கற்றுக்கொள்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்தது, பழம்பொருள் கடையில் வாங்கியது, மாமியார் வீட்டுப் பரணில் இருந்தது என்று ஏதோ ஒரு டாப் கைக்கு வந்துவிடுகிறது. வந்ததும் எல்லோரும் கேட்பது "எந்த பேட்டிங் போடலாம்?" என்றுதான். அது நாலாவது கேள்வி. முதல் கேள்வி, இதை முடிக்க வேண்டுமா என்பது. யாரோ ஒருத்தி மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்ததை முடிக்காமல் விட்டால் அவளுக்குத் துரோகம் செய்வது போல ஒரு குற்ற உணர்ச்சி வரும், அதை ஒதுக்கி வையுங்கள். முடிவு செய்ய வேண்டியது துணி. அதிலும், டாப்பில் இருக்கும் துணிகளிலேயே எது ரொம்ப நைந்ததோ அந்தத் துணி. மற்ற முந்நூறு துண்டு நன்றாக இருந்தாலும் அது ஒன்று தாங்காது என்றால், நீங்கள் முடிக்கும் க்வில்ட் நாலாவது தடவை துவைக்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும்.

இவ்வளவு டாப்கள் ஏன் பாதியில் நின்றன என்று தெரிந்துகொள்வது முடிவெடுக்க உதவும். துண்டு வெட்டி, நிறம் சேர்த்துத் தைப்பது சந்தோஷமான வேலை, மடியில் வைத்தே செய்யலாம். க்வில்டிங்குக்குப் பெரிய மரச்சட்டம் வேண்டும், அதை விரிக்க இடம் வேண்டும், பேட்டிங்குக்கும் பின்துணிக்கும் காசு வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கையில் இருந்த துண்டுத் துணியை வைத்து டாப் தைத்துவிட முடிந்தது, மிச்சத்துக்குத்தான் காசு போதவில்லை. அந்த வருடங்களில் க்வில்ட் மோகமும் உச்சத்தில் இருந்தது: 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஏறக்குறைய 24,000 க்வில்ட்கள் வந்தன. அடுத்து போர் வந்தது, பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், பிறகு கடையில் கம்பளியும், கம்ஃபர்ட்டர் என்கிற பஞ்சுப் போர்வையும் மலிவாகக் கிடைத்தன. இன்று சந்தைக்கு வரும் டாப்களில் 1930களைச் சேர்ந்தவை அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதெல்லாம் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சில டாப்கள் நின்றது அவற்றில் ஏதோ சரியில்லாததால். ஓரம் அலைபாய்ந்தது, நடுவில் உப்பியது, தைத்தவளுக்கே அது தெரிந்தது, மடித்து வைத்துவிட்டாள். எண்பது வருடம் கழித்து அந்தச் சிக்கல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து அதன் மேல் டாப்பைக் குப்புறப் போடுங்கள். முன்பக்கம் அழகைக் காட்டும், மற்ற எல்லாவற்றையும் பின்பக்கம்தான் சொல்லும். தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கால் அங்குலம் இருந்தால் நல்லது, சில இடத்தில் நூலளவுதான் விட்டிருப்பார்கள், அந்த இடங்கள் க்வில்டிங் இழுப்பில் பிரியும். கைத்தையலா மிஷின் தையலா என்று பாருங்கள், ஆனால் மிஷின் தையல் என்றால் புதுசு என்று நினைத்துவிட வேண்டாம், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே தையல் மிஷின் நிறைய வீடுகளில் இருந்தது. துணிப் பட்டைகளைக் காகிதத்தின் மேல் வைத்துத் தைத்த டாப்பாக இருந்தால் பின்னால் செய்தித்தாளோ தபால்வழி விற்பனைப் பட்டியல் புத்தகத்தின் தாளோ ஒட்டிக்கொண்டே இருக்கும். அதில் தேதி இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் அது தைக்கப்படவில்லை என்பது உறுதியாகிவிடும். டாப்பை முடிப்பதாக இருந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துவிட வேண்டும், முடிக்காமல் வைப்பதாக இருந்தால் உடனே எடுக்க வேண்டாம், யோசித்துச் செய்யலாம். செய்தித்தாளில் உள்ள அமிலம் துணிக்கு நல்லதில்லை, ஆனால் வரலாறும் அதில்தான் இருக்கிறது.

காலத்தை ஓரளவு கணிக்க நிறமே போதும். இளம்பச்சை, வெளிர் மஞ்சள், ரோஜா நிறம், இளநீலம், குட்டிக் குட்டிப் பூக்கள், வெள்ளைப் பின்னணி என்றால் பெரும்பாலும் 1930கள். கொஞ்சம் முரட்டு நெசவாக, ஒரு விளிம்பில் வரிசையாகத் துளைகள் தெரிந்தால் அது மாவுச் சாக்கோ கோழித்தீவனச் சாக்கோ. சாக்குக் கம்பெனிகள் 1920களிலிருந்து பூப்போட்ட துணியில் சாக்கு தைத்து விற்றன, பெண்கள் சங்கிலித் தையலை உருவிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார்கள், அந்தத் தையல் போன தடம்தான் துளை வரிசை. கறுப்பு, சாம்பல், அடர்சிவப்பு, சட்டைத்துணிக் கோடுகள், கருநீலம் என்று இருந்தால் 1890க்கும் 1910க்கும் இடையில் என்று யோசிக்கலாம். பழுப்பு, செம்பழுப்பு, இளஞ்சிவப்பு, ஈய மஞ்சள் சேர்ந்து வந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். கனமான, இழுத்தால் நீளுகிற, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் பச்சையும் என்றால் அது 1970களின் பாலியஸ்டர் டபுள்நிட். கணிப்பது எப்போதும் டாப்பில் உள்ளவற்றிலேயே புதிய துணியை வைத்துத்தான். பழைய துண்டைப் பெட்டியில் ஐம்பது வருடம் வைத்திருந்து தைத்தவர்களும் உண்டு.

துணிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது

இந்தச் சோதனைக்கு அவசரப்படாதீர்கள். ஒரு துண்டை இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஆட்காட்டி விரல்களுக்கும் நடுவில், ஒரு அங்குல இடைவெளி விட்டுப் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி கொஞ்சம் நீண்டுவிட்டுத் திரும்பப் பழைய நிலைக்கு வர வேண்டும். இழை விலகினாலோ, மெல்லிசாகக் கிழியும் சத்தம் கேட்டாலோ அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு விதத் துணியிலும் ஒரு துண்டையாவது இப்படிப் பாருங்கள், பழுப்பிலும் கறுப்பிலும் தொடங்குங்கள். 19ஆம் நூற்றாண்டில் பழுப்புக்கும் கறுப்புக்கும் சாயம் பிடிக்க இரும்பு உப்பைச் சேர்ப்பார்கள், அந்த இரும்பு பருத்தி இழையை உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். அதனால் சுற்றியிருக்கும் சிவப்பும் வெள்ளையும் நேற்று வாங்கியது போல இருக்கும்போது பழுப்புப் பூக்கள் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்து ஓட்டையாகியிருக்கும். இதை யாராலும் திருப்ப முடியாது, துவைத்தால் இன்னும் வேகமாகப் போகும்.

ஒழுங்கான வடிவமில்லாத பட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கிரேஸி க்வில்ட் டாப்களிலும் இதே கதைதான், காரணம் வேறு. 1880களில் அவை அமெரிக்காவில் பெரிய நாகரிகமாக இருந்தன. பட்டில் உள்ள பசையை நீக்கும்போது எடை குறையும், பட்டோ எடைக்கு விற்கப்பட்டது, குறைந்த எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்பு போன்றவற்றில் ஊறவைத்தார்கள். அப்படிக் கனமாக்கிய பட்டு காலம் போகப் போக மடிப்பு இல்லாத இடத்தில்கூடக் கோடு கோடாக வெடித்துக் கிழியும். ஒரு பட்டுத் துண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தால் அந்த டாப்பில் ஊசியே குத்தக் கூடாது. பின்னால் மெல்லிய துணி தாங்கல் கொடுத்து, மேலே நெட் போர்த்தி, தட்டையாக வைப்பது மட்டும்தான் வழி.

துணி நன்றாக இருந்து நூல் மட்டும் உளுத்துப்போன டாப்களும் உண்டு. தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நூல் பட்பட்டென்று அறும். இது பயப்படும்படியான விஷயமில்லை, மறுபடி தைத்தால் போதும், ஆனால் ஒரு இடத்தில் அறுந்தால் எல்லா இடத்திலும் அறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல்கள் மேலேயே மிஷினை ஓட்டிவிடலாம். கைத்தையல் அழகைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால் பொறுமையாகக் கையால்.

வயதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1900க்கு முந்தியது என்று தோன்றினால் முடிக்காதீர்கள். அந்தக் காலத்து டாப் டாப்பாகவே இருந்தால், எந்த வருடம் என்ன துணி, எப்படித் தைத்தார்கள், பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று எல்லாம் படிக்கலாம். இன்றைய பஞ்சும் இன்றைய நூலும் சேர்த்துவிட்டால் இரண்டு காலமும் கலந்த பொருளாகிவிடும், சேகரிப்பவர்களும் அருங்காட்சியகங்களும் அதை விரும்புவதில்லை. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இருக்கும் சர்வதேச க்வில்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இதற்காகவே இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் க்வில்ட் மதிப்பீடு செய்பவர்களிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள், நூறு வருடம் காத்திருந்த டாப் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். 1930களிலிருந்து இந்தப் பக்கம் வந்தவை ஏராளமாக இருக்கின்றன, துணியும் பெரும்பாலும் திடமாக இருக்கும், அவற்றைத் தயங்காமல் முடிக்கலாம் என்பது என் எண்ணம். நடுவில் இருக்கும் முப்பது வருடத்துக்கு டாப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சாயம்

வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்தி வைத்துப் பாருங்கள். அப்புறம் அதே துணியில் துளி சோப்புநீர் விட்டு இன்னொரு தடவை. சிவப்பு, கருநீலம், ஊதா, கறுப்பு நான்கையும் விடாதீர்கள். பழைய டர்கி ரெட் சிவப்பு கெட்டிச் சாயம், எத்தனை தடவை துவைத்தாலும் பக்கத்துத் துணியில் இறங்காது. 1884இல் வந்த காங்கோ ரெட் வகைச் சாயங்கள் அப்படியில்லை, தண்ணீர் பட்டாலே கிளம்பும். பார்வைக்கு இரண்டும் சிவப்புதான், நனைந்த துணிதான் பிரித்துக் காட்டும்.

1960களின் டாப்பில் சட்டைத்துணிக் கட்டங்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அப்போது அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறிச் சட்டைக்குப் பெரிய கிராக்கி, நம் பக்கத்துத் தறிகளில் நெய்து போன துணி. ஒவ்வொரு துவைப்பிலும் சாயம் இறங்கி நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே பெருமையாகச் சொல்லி, "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். அந்தச் சட்டையின் மிச்சத் துண்டு வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் தைக்கப்பட்டிருந்தால் டாப்பை நனைக்கவே வேண்டாம், அல்லது அந்தத் துண்டை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள்.

சாயம் இறங்காது என்று உறுதியாகத் தெரிந்தால், அழுக்கும் வாடையும் தாங்க முடியாத அளவில் இருந்தால் மட்டும், டாப்பை நனைக்கலாம். ஒருபோதும் வாஷிங் மிஷினில் போடாதீர்கள், அதிகம் சுழற்றாத வகை மிஷினாக இருந்தாலும் கூடாது, பின்பக்கம் மூடாத விளிம்புகள் எல்லாம் நூல்நூலாகப் பிரிந்து ஒன்றோடொன்று முடிச்சாகிவிடும். குளியல் தொட்டியில் பழைய படுக்கை விரிப்பை விரித்து அதன் மேல் டாப்பைப் பரப்பி, வெதுவெதுப்பான தண்ணீரும் காரமில்லாத சோப்பும் விட்டு, கையால் மெல்ல அழுத்துங்கள். க்வில்ட்காரர்கள் ஆர்வஸ் பேஸ்ட் என்ற ஒன்றை இதற்குப் பயன்படுத்துவார்கள், அது முதலில் ஆடுமாடு குளிப்பாட்ட வந்தது, துணிக்கும் சாது. தேய்க்க வேண்டாம், பிழிய வேண்டாம், குளோரின் பிளீச் கிட்டவே வேண்டாம். தூக்கும்போது கீழே இருக்கும் விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள், ஈரக் கனத்தில் டாப்பை ஓரம் பிடித்துத் தூக்கினால் தையல் பிரிந்துவிடும். நிழலில் தட்டையாகக் காய வையுங்கள். வாடை மட்டும்தான் பிரச்சினை என்றால், காற்றோட்டமான அறையில் ஒரு வாரம் விரித்துப் போட்டாலே பாதி போய்விடும், தண்ணீரே தேவைப்படாது.

பழங்கறை முழுக்கப் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். மஞ்சள் திட்டை வெளுக்கப் போய்த் துணியை இழப்பதைவிட, அந்தத் திட்டோடு இருப்பது மேல்.

தட்டையாகக் கிடக்கிறதா

டாப்பைத் தரையில் விரித்து நடுவிலிருந்து கையால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். எங்கேயாவது துணி மடிந்து நின்றால் க்வில்டிங்கிலும் அங்கே மடிப்பு விழும். பிறகு அளந்து பாருங்கள்: அகலத்தை நடுவில் ஒரு தடவை, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. ஓரம் நடுவைவிட அரை அங்குலம் அதிகம் என்றால் கண்டுகொள்ள வேண்டாம். இரண்டு அங்குலம் அதிகம் என்றால் பார்டரைப் பிரித்து, நடு அளவுக்கு வெட்டி, மறுபடி தைத்துச் சேர்க்கத்தான் வேண்டும். "க்வில்டிங்கில் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள், கொஞ்ச உப்பல் அப்படிச் சரியாகும், கம்பளி பேட்டிங் போட்டுக் கையால் க்வில்ட் செய்தால் இன்னும் கொஞ்சம் உள்வாங்கும், ஆனால் கூடாரம் போல எழும் பிளாக்கை (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு கட்டத்தை) எந்தப் பஞ்சும் விழுங்காது. அந்த பிளாக்கின் நடுத்தையல்களில் ஒன்றிரண்டைப் பிரித்து, ஒரு நூலளவு உள்ளே தள்ளித் தைத்தால் போதும். எட்டு கூர் சேரும் நட்சத்திர பிளாக்கில் ஒவ்வொரு தையலிலும் நூலளவு குறைத்தால் மொத்தமாக நிறையவே குறையும், அதனால் ஒரு தையல் பிரித்துத் தைத்ததும் விரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

கிழிந்த துண்டை மாற்றுவதிலும் ஒரு நியாயம் பாருங்கள். பழைய துண்டை வெட்டி எறியாமல், அதன் மேலேயே அதே வடிவத்தில் வேறு துண்டை மடித்து வைத்துக் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டுவிடலாம், பின்னாளில் யாராவது பார்க்க விரும்பினால் அடியில் அசல் இருக்கும். மாற்றுத் துணி தேடும்போது நிறம் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று அலையாதீர்கள், நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பது பொருந்தினால் கண் ஏற்றுக்கொள்ளும். 1930களின் பூக்களை மறுபதிப்பாக அச்சிட்டு இப்போதும் விற்கிறார்கள், அவை நன்றாகவே சேரும். புதுத்துணியைப் பழசாகக் காட்ட டீத்தூளில் ஊறவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், அதில் உள்ள துவர்ப்புப் பொருள் துணியைக் கெடுக்கும்.

முடிக்க வேண்டாம் என்று முடிவானால்

அதுவும் ஒரு நல்ல முடிவுதான். அமிலம் இல்லாத டிஷ்யூ தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்து, துவைத்த பழைய பருத்தி உறையில் போட்டு, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையும், மரப்பெட்டியும், பரணும், நிலவறையும் ஆகாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை எடுத்து மடிப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஓரங்கள் பிரிந்துகொண்டிருந்தால் அதற்கென்று பெரிய ஓட்டுத்தையல் ஒன்றைச் சுற்றிப் போடலாம், அதைப் பின்னால் எடுத்துவிடவும் முடியும்.

துணி ஓரளவு திடமாக இருந்தும் முழு க்வில்டிங்கின் இழுப்பைத் தாங்காது என்று பட்டால், பேட்டிங் போடாமல் மெல்லிய பின்துணி மட்டும் கொடுத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிடித்து, ஓரத்தைக் கட்டிவிடலாம். கோடைகால விரிப்பாகக் கட்டில் மேல் கிடக்கும், அமெரிக்க வீடுகளில் இந்த வகை முன்பும் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு இது, இதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை.

வெட்டுவது பற்றிக் கேட்பார்கள். பழைய டாப்பை வெட்டி ஜாக்கெட், பை, பொம்மை தைப்பது இப்போது நிறைய நடக்கிறது. பாதி மக்கிப்போன டாப்பில் நல்லதாக மிஞ்சிய நாலு பிளாக்கை எடுத்து ஒரு சின்னச் சுவர்விரிப்பு செய்தால் அதைப் பிழைக்க வைக்கிறீர்கள். முழுசாக, திடமாக இருக்கும் டாப்பை வெட்டாதீர்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடுங்கள், யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதை விரும்பி முடிக்க எங்கேயோ ஒருவர் இருப்பார்.

முடிப்பது என்றால்

எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். குழந்தை இழுத்துப் போர்த்தி, வாரம் ஒரு தடவை துவைக்கவா, கட்டில் கால்மாட்டில் அழகுக்கு மடித்துப் போடவா? துவைக்கப்போகும் க்வில்டுக்குத் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், பழைய துணியின் பாரத்தை அந்தத் தையல்கள்தான் பங்கு போட்டுக்கொள்ளும். 1930களின் டாப்புக்கு மெல்லிய நூறு சதவீதப் பருத்தி பேட்டிங்தான் என் தேர்வு. அது துவைத்ததும் மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கம்தான் பழைய க்வில்டின் முகத்தைக் கொடுக்கும். உப்பல் அதிகம் இருந்தால் கம்பளி. பேட்டிங் உறையில் தையல்களுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், சிலதுக்கு 2 அங்குலம், சிலதுக்கு 10 அங்குலம் வரை, அதைப் படிக்காமல் எந்த டிசைனையும் முடிவு செய்ய வேண்டாம்.

பின்துணிக்குப் படுக்கை விரிப்பை எடுக்காதீர்கள், அதன் நெருக்கமான நெசவில் கை ஊசி நுழையாது. 80க்கு 90 அங்குல டாப் என்று வைத்துக்கொள்வோம். பின்துணியும் பேட்டிங்கும் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் அதிகம் வேண்டும், அதாவது 88க்கு 98. சாதாரண 42 அங்குல அகலத் துணியை இரண்டாக இணைத்தாலும் 84தான் வரும், போதாது. 108 அங்குல அகலத்தில் பின்துணிக்கென்றே விற்கும் துணியை வாங்கினால் இரண்டே முக்கால் கஜத்தில் இணைப்பே இல்லாமல் முடிந்துவிடும். பைண்டிங்குக்குச் சுற்றளவு 340, மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 352 அங்குலம், இரண்டரை அங்குலப் பட்டை ஒன்பது வெட்ட வேண்டும், முக்கால் கஜம் வாங்கிவிடுங்கள்.

டாப்பின் பின்பக்கம் தொங்கும் நூல்களை எல்லாம் வெட்டிவிட்டுத்தான் அடுக்க வேண்டும், வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு கருநீல நூல் மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் தெரியும். பின்துணியைத் தரையிலோ மேசையிலோ டேப் போட்டு ஒட்டி, மேலே பேட்டிங், அதன் மேல் டாப். நடுவிலிருந்து வெளியே நோக்கிக் கையகல இடைவெளியில் ஊக்கு குத்துங்கள், அல்லது பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடியுங்கள். நைந்த பகுதிகளில் ஊக்கு வேண்டாம், நூல்தான். ஸ்ப்ரே பசையைப் பழைய துணிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையால் க்வில்ட் செய்ய முடிந்தால் அதுதான் அந்த டாப்புக்குப் பொருத்தம். ஒவ்வொரு துண்டின் தையலுக்கும் கால் அங்குலம் உள்ளே தள்ளி அதன் வடிவத்திலேயே ஓட்டுத்தையல் போடுவது 1930களில் வழக்கம். முழு விரிப்பின் மேலும் வரிசை வரிசையாக விசிறி வளைவுகள் போடும் பாப்டிஸ்ட் ஃபேன் இன்னொரு பழைய வழி, டாப்பில் தையல்கள் கோணலாக இருந்தாலும் அந்த வளைவுகள் கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடும். குட்டையான பிட்வீன்ஸ் ஊசியில் 9 அல்லது 10 எடுத்துக்கொள்ளுங்கள். மிஷின் என்றால் அடுக்குகளை ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி, 50 எடைப் பருத்தி நூல், 70 அல்லது 80 ஊசி. பழைய பருத்தியில் நைலான் நூல் கூடாது, துணியைவிடக் கடினமான நூல் துணியை அறுக்கும்.

பெரிய சட்டத்தில் க்வில்டை இழுத்துக் கட்டித் தைக்கும் லாங் ஆர்ம் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுப்பதும் நல்ல வழிதான், சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். 2 சென்ட் என்றால் நம் 80க்கு 90 டாப்புக்கு 7,200 சதுர அங்குலம், 144 டாலர். கொடுக்கும் முன் பழைய டாப்பில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டத்தில் முறுக்கி இழுத்துக் கட்டினால் நைந்த துணி அங்கேயே கிழிந்துவிடும், தளர்வாகப் போடச் சொல்லுங்கள். துணி எங்கே பலவீனம், எங்கே உப்பல் என்று தாளில் படம் வரைந்து கொடுத்துவிடுங்கள், அடர்த்தியான கணினி டிசைன்கள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நூலே மேலே தெரியும் அளவுக்கு அடர்த்தியாகத் தைத்தால் துணியின் பூக்களும் நிறங்களும் பின்னுக்குப் போய்விடும், க்வில்டும் அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

பாலியஸ்டர் டபுள்நிட் டாப்புக்கு இந்த வேலைப்பாடெல்லாம் தேவையில்லை. அந்தத் துணி நம்மைவிட அதிக நாள் இருக்கும், நிறமும் போகாது, ஆனால் க்வில்டிங் ஊசியை எதிர்த்து நிற்கும். மெல்லிய பேட்டிங் வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு என்று கெட்டி நூலில் கட்டிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வையுங்கள், சூடு அதிகமானால் துணி உருகிவிடும். எந்தத் துணி என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். முடிச்சு போட்டு முடிப்பதைத் தரக்குறைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வீட்டில் போர்த்திக்கொள்ளும் க்வில்ட்களை எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் முடித்தன.

ஓரத்தில் ஒரு முடிவு பாக்கி இருக்கும். அறுகோணத் துண்டுகளால் செய்த பாட்டியின் பூந்தோட்டம் டாப்பிலும், வளையம் வளையமாகப் பின்னிய இரட்டைக் கல்யாண மோதிரம் டாப்பிலும் ஓரம் நேராக இருக்காது. வேலையை எளிதாக்க அதை நேராக வெட்டிவிடலாம் என்று கை பரபரக்கும், வெட்டாதீர்கள். அந்த வளைவுதான் அந்த டிசைனின் அழகு. நூலோட்டத்துக்குக் குறுக்காக வெட்டிய பட்டை வளைவில் மடங்கித் திரும்பும், அதை வைத்துப் பொறுமையாகக் கட்டுங்கள், உள்மூலைகளில் ஒரு சின்ன வெட்டு கொடுத்தால் இழுக்காது. அறுகோண ஓரத்துக்கு இன்னொரு வழி, டாப்பின் விளிம்பையும் பின்துணியின் விளிம்பையும் உள்பக்கம் மடித்து இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுவது, அப்போது பைண்டிங்கே தேவையில்லை.

கடைசியாக ஒரு சீட்டு. சின்னப் பருத்தித் துண்டில், துவைத்தாலும் போகாத மையால், டாப் ஏறக்குறைய எந்தக் காலத்தது, எந்த ஊரில் கிடைத்தது, தைத்தவர் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். கீழே நீங்கள் முடித்த வருடமும் உங்கள் பெயரும், எந்தத் துண்டுகளை மாற்றினீர்கள் என்பதும். அந்தச் சீட்டை க்வில்டிங் தொடங்கும் முன்பே பின்துணியின் ஒரு மூலையில் தைத்துவிட்டால் க்வில்டிங் தையலும் அதன் வழியாகவே போகும், யாராலும் லேசில் பிரித்தெடுக்க முடியாது.